திறந்து வைத்த சுவர்

மே 6, செவ்வாய்

கிழக்குச் சுவரை எப்போது மூடப் போகிறோம் என்று இன்றைக்கும் கேட்டுவிட்டான் இசக்கிராஜ். சைட் என்ஜினீயர் என்றால் எதையாவது மூடிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. படம் உள்ளே வந்த பிறகுதான் மூடுவோம் என்று எத்தனை தடவை சொல்வது? வாய் வலிக்கிறது.

நோட்டு புதிது. அதனால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதி வைக்கிறேன். தூத்துக்குடியில் கடலைப் பார்த்து ஒரு சமகாலக் கலைக்கூடம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் ஆர்க்கிடெக்ட், பணம் செல்வின் அண்ணாச்சியின் டிரஸ்டுடையது. உப்பு வியாபாரம் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போய் ஓவியமாக வாங்கிக் குவித்தவர் அவர். வீட்டில் ஆணி அடிக்க இடமில்லாமல் போன பிறகு என்னிடம் வந்தார். அவருக்கு என் தம்பி ஜெபசிங்கின் கை என்றால் உயிர். கட்டடத்தின் நடுவில் ஒரு பெரிய கூடம். அதன் மேற்குச் சுவர் முழுக்க ஜெபாவின் ஒரே ஒரு படம், முப்பதடி நீளம், பதினாலு அடி உயரம். வாசலிலிருந்து சரிவுப் பாதையில் இறங்கி வருகிறவர்களுக்குக் கடைசித் திருப்பத்தில்தான் அது தெரியும். கூரைக் கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்து. வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். மற்ற கூடங்கள், படிக்கட்டு, ஏன் கக்கூஸ் வரைக்கும், அந்த ஒரு படத்துக்கு வழிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கின்றன.

உப்பள மண்ணையும் சுண்ணாம்பையும் பிசைந்து கனமாக அப்பி வரைகிறவன் ஜெபா. துணியைச் சுருட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். சட்டத்தில் அடித்தபடியே கிரேனில் தூக்கித்தான் கொண்டு வர வேண்டும். எந்த வாசலிலும் அது நுழையாது. அதற்குத்தான் கிழக்குச் சுவரில் அந்தத் திறப்பு. படம் உள்ளே வந்ததும் செங்கல் வைத்து அடைத்துவிடுவோம்.

“பொறவு அது வெளிய போகவே முடியாதே பியூலாம்மா?” என்றார் அண்ணாச்சி.

“போகாது. அதான் எனக்கும் வேணும்” என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

வேலைக்கு வருகிற அம்மா இன்றைக்கும் வரவில்லை. பாத்திரம் எல்லாம் நானே கழுவினேன்.

மே 19, திங்கள்

ஜெபா வீட்டுக்குப் போனேன். கட்டிலருகே ஆக்சிஜன் மிஷின் ஒன்று வந்திருக்கிறது. நாள் முழுக்க ஓடுகிறது, பழைய ஃபிரிட்ஜ் சத்தம். மூக்கில் குழாய். நுரையீரல் காய்ந்து சுருங்கிக்கொண்டு வருகிறதாம், இனிமேல் விரியாதாம். மதுரை டாக்டர் சொன்னதாக அவன் மனைவி மெர்லின் சொன்னாள். டாக்டர்கள் எப்போதுமே கடைசிப் பக்கத்தை முதலில் படித்துக் காட்டுவார்கள். புது மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பிடித்துக்கொள்ளும்.

பெரிய கூடத்தின் குறுக்கு வெட்டு வரைபடத்தைக் காட்டினேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அளவு தெரிவதற்காக நாங்கள் வரைபடத்தில் மனிதர்களைப் போடுவோம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

“எக்கா, எல்லாப் பேரும் நிக்காங்களே. ஒருத்தரு கூட உக்காரலியா ஒன் கட்டடத்துல?”

“படம் பாக்க வாரவன் நின்னுதாம்ல பாப்பான். உக்காந்து பாக்க அது என்ன கல்யாணப் பந்தியா?”

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மெர்லின் ஓடி வந்து முதுகைத் தடவினாள். “உக்காருங்க மைனி, காப்பி போடுதேன்” என்றாள். சைட்டில் கான்கிரீட் வண்டி வருகிற நேரம். வாசலில் நின்றபடியே தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூன் 2, திங்கள்

தொடங்கிவிட்டான்! துறைமுகம் பக்கம் அண்ணாச்சி கொடுத்த குடோனில் சட்டம் அடித்துத் துணி இழுத்து நிறுத்தியாயிற்று. கையில் தூக்குகிற சின்ன சிலிண்டரோடு ஆட்டோவில் வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கரிக்கோடு இழுத்தான். இடமிருந்து வலமாக, கை எட்டின தூரத்துக்கு. பிறகு களைப்பாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

முதல் கோடுதான் கஷ்டம். மற்றதெல்லாம் தானாக வரும். நானே அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றார்.

ஜூன் 20, வெள்ளி

கூடத்துக்கு எந்த வெள்ளை பூசுவது என்று முடிவு செய்ய வேண்டும். வெள்ளை என்றால் ஒரே வெள்ளைதான் என்று நினைக்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு வெள்ளை, கல் சுண்ணாம்பு ஒரு வெள்ளை, பளிங்குத் தூள் சேர்த்தால் இன்னொன்று. ஜெபாவின் படத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போகிற வெள்ளை இது. அவன்தான் சொல்ல வேண்டும். ஓரடிச் சதுரப் பலகைகளில் மூன்று விதம் பூசி எடுத்துக்கொண்டு போனேன். முதுகில் பென்சிலால் நம்பர்.

சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது, மாதக்கணக்கில் நான் பார்க்காதது.

“இது காஞ்சு போச்சுக்கா. ஈரமா இருக்கப்பவே கொண்டா. ஈரத்துல எப்படி இருக்கு, காஞ்சா எப்படி மாறுதுன்னு பாக்கணும்.”

பார்த்தீர்களா, அதுதான் ஜெபா. உடம்பு என்ன ஆனால் என்ன, கண்ணுக்கு ஒரு குறையுமில்லை.

ஜூலை 3, வியாழன்

ஜெபாவுக்கு இருமல் அதிகம். கம்பி லாரி வரவில்லை. இரண்டு ஈரப் பலகை கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 26, சனி

இன்னும் வெள்ளை முடிவாகவில்லை. பலகைகளைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்திருக்கிறான். திருப்பிப் பார்க்கப் போனேன். “காயட்டும்க்கா, தொடாத” என்று கத்தினான். கத்தினான் என்றா சொன்னேன், அதற்கு மூச்சு ஏது? கையைத் தூக்கினான்.

“குடோனுக்குப் போனியால?”

“போணும்க்கா. ஆமா, அவ்வளவு பெரிய கூடம் எதுக்கு? எனக்குன்னா ஒரு சின்ன ரூம் போதும். நம்ம அடுப்படி அளவு.”

“அடுப்படி அளவுக்கு ரூம் கட்டவால நான் அஞ்சு வருசம் படிச்சேன்? பேசாம படத்தை முடி.”

சிரித்தான். “நீ உக்காருக்கா மொதல்ல.”

எங்கே உட்கார. கூரைக் கண்ணாடிக்காரன் போனில் கத்திக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது மெர்லின் பின்னாலேயே வந்தாள். “மைனி, ஒரு விசயம் பேசணும். அவுக அந்தப் பெரிய படத்தை…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் மறுபடி போன். அப்புறம் பேசுவோம் என்று வந்துவிட்டேன். என்னவாக இருக்கும், சாயம் வாங்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் தேர்த் திருவிழா. சைட்டில் ஒரு ஆள் கிடையாது. ஊரே கோயில் பக்கம் இருக்கிறது. நானே கையுறை போட்டுக்கொண்டு சுண்ணாம்பு குழைத்துப் பலகை பூசினேன். கரண்டி பிடித்து எவ்வளவு காலமாயிற்று! கொஞ்சம் மேடு பள்ளம்தான், இருக்கட்டும். ஈரம் காயுமுன்னே காரை விரட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

சூடான சாப்பாட்டுத் தட்டை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். “நீயே பூசுனியாக்கா?”

“பின்னே? தெரியுதா?”

“தெரியுது. ஓரமெல்லாம் கோவமா இருக்கு.”

மூதி. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நல்ல நாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அண்ணாச்சி சைட்டுக்கு வந்தார். திறப்புக்கு முன்னால் நின்று கடலைப் பார்த்தார். திறப்பு நேராகக் கிழக்கு. ஐப்பசி மழை நேராகக் கிழக்கிலிருந்து வரும். உப்புக் காற்று இப்போதே உள்ளே வந்து கம்பியைத் தின்கிறது.

“பியூலாம்மா, தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு முடியலேன்னா சின்னதா ஏதாவது…”

“அவனுக்கு முடியும் அண்ணாச்சி.”

“முடியும்மா. முடிஞ்சா சந்தோசம். முடியாட்டா மழைக்கு முந்தி அடைச்சிருவோம்னுதான்…”

“நீங்க வாங்கின படத்தையெல்லாம் பாதி வரையும்போது போய் நின்னு மிரட்டித்தான் வாங்கினீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் காரில் ஏறினார். இசக்கிராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செப்டம்பர் 11, வியாழன்

குடோனுக்குப் போனேன். பூட்டு திறக்க மாட்டேன் என்றது. துரு. இந்த ஊர்க் காற்றுக்கு இரண்டு நாளில் துரு பிடிக்கும். எண்ணெய் ஊற்றித் திறந்தேன்.

துணியில் அந்தக் கரிக்கோடு இருக்கிறது. புறா எச்சம் கொஞ்சம் பட்டிருக்கிறது, துடைத்துவிட்டேன். நாற்காலியில் தூசி.

யோசித்துக்கொண்டிருக்கிறான். பெரிய படங்களை அவன் எப்போதுமே மனதில் முடித்துவிட்டுத்தான் கை வைப்பான். எனக்குத் தெரியாதா?

இசக்கிராஜ் கேட்டான், படம் எவ்வளவு வந்திருக்கிறது என்று. பாதிக்கு மேல் என்றேன்.

செப்டம்பர் 27, சனி

ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். முகம் வீங்கி, கை மட்டும் குச்சியாக. மிஷினில் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சுக்கு நிறுத்துகிறான்.

“பலகை… கொண்டு வந்தியா?”

“இன்னும் எத்தனை வெள்ளைதாம்ல வேணும் ஒனக்கு? பூசுறதுக்கு ஆள் ரெடியா நிக்கான்.”

“இன்னும்… ஒண்ணு ரெண்டு.”

கொடுத்தேன். “உக்காருக்கா” என்றான். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன். காரில் ஏறிச் சாவியைப் போட்ட பிறகு அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. தூக்கம் போதாது.

அக்டோபர் 8, புதன்

பெருமழை. திறப்பில் கட்டியிருந்த தார்ப்பாயைக் காற்று கிழித்து எறிந்துவிட்டது. மேற்குச் சுவர் அடிப்பூச்சு முழுக்க ஊறி, தட்டினால் பொத்பொத்தென்கிறது. தரையில் கணுக்கால் தண்ணீர். இசக்கிராஜும் ஆட்களும் நனைந்துகொண்டே பம்பு வைத்து இறைத்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி போனில், “திங்கக்கெழமைக்குள்ள முடிவு சொல்லுங்கம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்டோபர் 11, சனி

வெள்ளையாவது முடிவாகட்டும், பலகைகளை நானே எடுத்துப் பார்த்துவிடுகிறேன் என்று போனேன். மெர்லின் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் கண் அயர்ந்திருந்தான். கட்டிலைச் சுற்றிப் போய் முதல் பலகையைத் திருப்பினேன்.

சன்னல் கம்பி. அதற்கு அந்தப் பக்கம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. ஈரச் சுண்ணாம்பில் நீர்ச்சாயத்தை ஊறவிட்டு வரைந்திருக்கிறான். அடுத்தது மெர்லின் வெங்காயம் உரிக்கிற கை. அடுத்தது கட்டிலில் சுருண்டு கிடக்கிற குழாய். மாத்திரை டம்ளர். சுவரில் பல்லி. எல்லாப் பலகையும். நான் கேட்டுக் கேட்டுப் பூச வைத்து, காயுமுன்னே என்று காரை விரட்டிக்கொண்டு வந்த பலகைகள் எல்லாம்.

என்னையும் வரைந்திருந்தான். ஒன்றில்லை, நாலைந்து. எல்லாவற்றிலும் வாசலில் நிற்கிறேன். தோளில் பை, கையில் கார் சாவி.

அவன் விழித்துவிட்டான்.

“இதுக்காடா நான் சுவரைத் திறந்து போட்டுட்டு ஊரெல்லாம் ஏச்சு வாங்குதேன்?” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

“நான் சொன்னேம்லாக்கா… சின்ன ரூம்னு.”

“நீ வெளையாட்டுக்குச் சொன்னன்னுல்லா நெனைச்சேன்!”

“நீ பலகை கொண்டு வாரப்பதான்… படத்தைப் பத்திக் கேக்க மாட்ட. வெள்ளையைப் பத்திக் கேப்ப. அதான்… கொண்டான்னு சொன்னேன்.”

“பெரிய படம்?”

“எனக்கு மூச்சு இம்புட்டுத்தான்க்கா இருக்கு.” பலகையைக் காட்டினான். “இந்த அளவு.”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ உண்டு. நான் சொன்னது இது: “கைப்பைக்குள்ள வைக்கிற படத்துக்கு நான் கட்டடம் கட்டலை.” பலகையைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

திறப்பை மூடச் சொல்லிவிட்டேன். காலையிலேயே செங்கல் ஏறிவிட்டது. இசக்கிராஜுக்கு வாயெல்லாம் பல்.

மத்தியானம் ஜெபாவுக்குப் போன் செய்து, “சுவரை மூடிட்டேன்” என்றேன். அவனுக்கு உறைக்கட்டும் என்றுதான் செய்தேன்.

மிஷின் சத்தம் கேட்டது. பிறகு, “நல்லதுக்கா… மழை வருதுல்லா” என்றான்.

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

அவனிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

கூரையில் ஒரு கண்ணாடி இணைப்பில் ஒழுகல். பசை வைத்து அடைத்தோம். போகும் வழியில் ஜெபா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். சிக்னல் விழுந்தது. நேராகப் போய்விட்டேன்.

அக்டோபர் 18, சனி

ஜெபா போய்விட்டான். விடிகிற நேரம்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். நேற்று தீபாவளி, தெருவெல்லாம் வெடி. மெர்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் அவள் திடுக்கிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். அவனுக்கு வெடிச்சத்தமும் புகையும் ஆகாது என்று நாலு நாளாகச் சன்னலையெல்லாம் சாத்தியே வைத்திருந்தாளாம். மிஷினை வாடகைக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது நின்ற பிறகுதான் அந்த வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

அழவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வாரம். நான் போயிருக்கலாம். ஒரு நாள் போயிருக்கலாம். அந்தச் சிக்னலில் இடது பக்கம் திருப்பியிருக்கலாம். கையிலே சாவி இருந்தது, பெட்ரோல் இருந்தது, எல்லா எழவும் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

அண்ணாச்சி வந்தார். கூடத்தில் இரண்டு பேரும் மூடின சுவருக்கு முன்னால் நின்றோம். மேற்குச் சுவர் காலியாக, அடிப்பூச்சைச் செதுக்கி எடுத்த செங்கலோடு கிடந்தது. வேறு யாரிடமாவது பெரிய படம் சொல்லி வரவழைக்கலாமா, சுவரைத் திரும்ப உடைக்க முடியுமா என்று டிரஸ்டில் கேட்கிறார்களாம்.

“உடைக்க வேண்டாம் அண்ணாச்சி. படம் இருக்கு. வாசல் வழியாவே வந்திரும்” என்றேன்.

ஜெபா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மெர்லின் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். “இதுக்கு முன்னால நான் வாங்குனதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றார்.

கடைசியாக ஒரு பலகை, துணியில் சுற்றித் தனியாக இருந்தது. அதில் எதுவும் வரையவில்லை. வெறும் வெள்ளை. முதுகைப் பார்த்தேன், நம்பரே இல்லை. ஓரமெல்லாம் மேடு பள்ளம். தேர்த் திருவிழா அன்றைக்கு நான் பூசினது. அதற்குப் பிறகு கொண்டு போன பலகைகளில்கூட வரைந்திருக்கிறான், இதைத் தொடவில்லை.

உடனே புரிந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டிருப்பேன், எந்த வெள்ளை, எந்த வெள்ளை என்று. என் கேள்விக்கு அவன் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். என் அத்தனை கோபத்துக்கு நடுவிலும் அவன் என் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு காரோட்டி வந்தேன். இத்தனை நாளில் முதல்முறையாக ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 29, சனி

மேற்குச் சுவர் பூச்சு முடிந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, பளிங்குத் தூள் கொஞ்சம், அன்றைக்கு நான் கலந்த அதே கலவை. ஈரத்தில் சாம்பலாக இருந்தது, இன்றைக்குக் காய்ந்து வெளுத்து நிற்கிறது. பலகையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எது பலகை, எது சுவர் என்று தெரியவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுகிறேன், இது என் தம்பி தேர்ந்தெடுத்த வெள்ளை என்று.

டிசம்பர் 13, சனி

ஜெபாவின் படங்கள் இரண்டு ஜவுளிக்கடைப் பையில் வந்தன. மெர்லினும் நானும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்து, சரிவுப் பாதையில் இறங்கி வந்தோம்.

நிற்கிறவர்களின் கண் மட்டத்துக்கு, வழக்கம் போல ஐந்தடி உயரத்தில் இசக்கிராஜ் நூல் பிடித்துக் குறித்து வைத்திருந்தான். படங்களை ஒவ்வொன்றாகச் சுவரோடு வைத்துப் பார்த்தோம். எதுவோ சரியில்லை. அவ்வளவு பெரிய சுவரில் அவை தொலைந்து போன மாதிரி இருந்தன. நான் முன்னால் போனேன், பின்னால் வந்தேன், எரிச்சல்பட்டேன். மெர்லினுக்குக் கால் வலித்தது. ஆட்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இங்கன இருந்து பாத்தா அவுக பாத்த மாதிரியே இருக்கும் மைனி. கொஞ்சம் கீழ எறக்கச் சொல்லுங்க. அவுக கட்டில்லயிருந்துதானே வரைஞ்சாக” என்றாள்.

ஆமாம். அது எனக்குத் தோன்றவில்லை.

அவள் சுற்றிலும் பார்த்தாள். “அந்த வெறும் பலகை எங்க மைனி?”

“ஆபீஸ்ல இருக்கு. அதை மாட்ட வேண்டாம் மெர்லின். அந்தச் சுவரே அதுதான். அவன் சொன்ன வெள்ளைதான் இது முழுக்க.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று உதடு அசைந்தது. அன்றைக்கு வாசலில் செருப்பு மாட்டும்போது நான் கேட்காமல் போன ஞாபகம் வந்தது.

“சொல்லு மெர்லின். நான் எங்கயும் போகல.”

“அது வெள்ளைக்கு எடுத்து வச்சது இல்ல மைனி. நீங்க பூசிக் கொண்டாந்தது பாத்தீகளா, அதுலதான் வரையணும்னு தனியா எடுத்து வைக்கச் சொன்னாக. ‘எக்கா ஒரு நாளு வந்து உக்காருவா, அன்னிக்கு வரையணும்’னாக. ஈரம் காஞ்சிருமேன்னு கேட்டேன். ‘காஞ்சா என்ன, நனைச்சிக்கிடலாம். அவ மொதல்ல உக்காரட்டும்’னாக.”

முப்பதடி நீளத்துக்கு வெள்ளை. வடக்கு வெளிச்சம் அதன்மேல் சீராக இறங்கியிருந்தது, நான் கணக்குப் போட்டு வரைந்தபடியே. ஒரு மூலையில்கூட நிழல் இல்லை.

மெர்லின் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள். தோளில் இருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தேன். சாவியை அதற்குள் போட்டேன். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் அழுததை இரண்டு பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, இசக்கிராஜ் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். “மேடம், எந்த ஒசரத்துக்கு எறக்க?”

“உக்காந்திருக்கிற ஆளோட கண் மட்டம்” என்றேன்.

அவன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, டேப்பின் நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, என் கண்வரைக்கும் இழுத்தான். “அப்படியே இருங்க மேடம். எந்திரிச்சிராதீக, அளந்துக்கிடுதேன்.”

நான் எந்திரிக்கவில்லை.